பாடகர்களும் மிக்ஸர் பிள்ளைகளும் சேர்ந்து ஜெபிக்க: சனிக்கிழமை 20 நிமிடம், செய்முறை விளக்கம்

யாங்கோனில் உள்ள நம் தமிழ்ச் சபைகளில் ஞாயிறு காலை இது வழக்கமான காட்சி. பாடுகிறவர்கள் பக்கத்து அறையில் கைகோர்த்து ஜெபித்துக்கொண்டிருப்பார்கள். அதே நேரத்தில் மிக்ஸர் (ஒலி கலக்கும் மேஜை) தம்பி முழங்காலிட்டிருப்பான், கேபிள் தேடுவதற்காக. புரொஜெக்டர் தங்கச்சி எழுத்துச் சிதறிய பாட்டைத் திருத்திக்கொண்டிருப்பாள். ஒரு பாட்டைக்கூட முழுதாகப் பாடாமல், ஒரு பிரசங்கத்தைக்கூட முழுதாகக் கேட்காமல், வருடக்கணக்கில் சபைக்குள்ளேயே வறண்டுபோகும் பிள்ளைகள் இவர்கள். இவர்களுக்கென்று தனியாக ஒரு கூட்டம் வைத்தால் மூன்றாம் வாரமே ஆள் குறையும். ஒத்திகை நாளுக்குள்ளேயே இடம் ஒதுக்குவதுதான் நிற்கும்.

படி 1: நேரத்தை இந்த வரிசையில் போடுங்கள்

4:00 ஒயர், மைக், ஸ்டாண்ட்
4:25 லைன் செக் (ஒவ்வொரு மைக்கும் வேலை செய்கிறதா என்று பார்ப்பது)
4:35 வசனமும் ஜெபமும், 20 நிமிடம்
4:55 பாட்டு ஒத்திகை
5:50 நோட்டு எழுதிவிட்டுக் கிளம்புதல்

இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஜெபத்தை முதலில் வைத்தால் கேபிள் வேலை முடியாத பிள்ளைகள் வெளியே நிற்பார்கள். உள்ளே உட்கார்ந்தாலும் மனசு மேடையில் இருக்கும். கடைசியில் வைத்தால் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டிய பெண்பிள்ளைகள் பாதியில் எழுந்துபோவார்கள். எல்லா ஒயரும் குத்தி, எல்லா மைக்கும் பேசிய பிறகுதான் அந்தத் தம்பியால் நிம்மதியாக ஒரு வசனம் வாசிக்க முடியும்.

படி 2: லைன் செக்கைப் பத்து நிமிடத்தில் முடியுங்கள்

மிக்ஸரை முதலில் போடுங்கள், ஸ்பீக்கரைக் கடைசியில். அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில். ஒவ்வொருவராக, ஞாயிறு பாடும் அதே சத்தத்தில் நான்கு வரி பாட வேண்டும். 'ஹலோ, டெஸ்டிங்' என்று மெதுவாகச் சொன்னால் போதாது. கெயின் (மைக் சத்தம் மிக்ஸருக்குள் நுழையும் அளவு) தவறாக அமைந்து ஞாயிறு பல்லவியில் சத்தம் கிழியும். அனலாக் மிக்ஸரில் மீட்டர் 0 பக்கத்தில் ஆட வேண்டும், சிவப்பு விளக்கு எரியக் கூடாது. டிஜிட்டலில் சராசரி மைனஸ் 18 டிபி (டெசிபல், சத்த அளவு) பக்கம் வையுங்கள்.

விசில் வந்தால் மிக்ஸரை முறைக்காமல் மைக்கைப் பிடித்திருக்கும் கையைப் பாருங்கள். வலைத்தலையை விரல்களால் மூடினால் மைக் எல்லாப் பக்கச் சத்தத்தையும் வாங்க ஆரம்பித்துவிடும். சாதாரண கார்டியாய்டு மைக் தன் வால் பக்கத்தில் கேட்பதில்லை. அதனால் மானிட்டரை (பாடகர் தன் குரலைக் கேட்கும் மேடை ஸ்பீக்கரை) பாடகரின் எதிரே, மைக்கின் வால் பார்க்கும் திசையில் வையுங்கள். இதைப் பாடகர்களே தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை குறையும்.

முடிந்ததும் மாஸ்டரை (மொத்தச் சத்தத்தின் கட்டுப்பாட்டை) கீழே இறக்கி, நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். மிக்ஸர் மேஜையிலிருந்து எழுந்து வந்து வட்டத்தில் உட்கார வேண்டும். 'இங்கிருந்தே கேட்கிறேன் அண்ணே' என்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

படி 3: அந்த 20 நிமிடம்

முதல் 2 நிமிடம் அமைதி. அடுத்த 5 நிமிடம் வாசிப்பு. 7 நிமிடம் பேச்சு. மீதி 6 நிமிடம் ஜோடி ஜெபம்.

வாசிப்பில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் தமிழ் பேசும் பல பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. பள்ளிப் படிப்பு முழுக்கப் பர்மியத்தில். ஒருவர் தமிழில் வாசிக்கட்டும், அடுத்தவர் அதே பகுதியைப் பர்மிய வேதாகமத்தில் வாசிக்கட்டும். 1834-இல் மொழிபெயர்த்து முடித்த ஜட்சன் வேதாகமம்தான் பெரும்பாலான வீடுகளில் இருக்கும். அதன் பழைய நடை இளையவர்களுக்குக் கடினமாக இருந்தால் புது மொழிபெயர்ப்பை எடுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாததை யாரும் குறையாகச் சுட்டிக்காட்டக் கூடாது.

எந்தப் பகுதியை எடுப்பது? துதி, வீணை, கைத்தாளம் என்றே சங்கீதங்களை எடுத்துக்கொண்டிருந்தால் ஒயர் இழுக்கிற பிள்ளைக்கு அதில் இடமே இருக்காது. நான்கு வாரத்துக்கு இவற்றை வைத்துக்கொள்ளுங்கள்:

முதல் வாரம், யாத்திராகமம் 31:1-6. பெசலெயேலைத் தேவ ஆவியினால் நிரப்பினேன் என்று ஆண்டவர் சொல்கிறார். பெசலெயேல் பிரசங்கியும் இல்லை, பாடகனும் இல்லை. பொன், வெள்ளி, மரம், கல் இவற்றில் வேலை செய்தவன். கேள்வி: 'உன் கைவேலையில் எதை நீ ஜெபித்துச் செய்கிறாய்?'

இரண்டாம் வாரம், 1 சாமுவேல் 30:9-10, 21-25. தாவீதோடு போன 600 பேரில் 200 பேர் களைத்துப்போய் பேசோர் ஆற்றண்டையில் தங்கினார்கள். போர்முனைக்குப் போனவர்களில் பொல்லாதவர்கள் அவர்களுக்குப் பங்கு கொடுக்க மறுத்தார்கள். சாமான்களோடு இருந்தவனுக்கும் சமபங்கு என்று தாவீது சட்டமே வைத்தான். நான்கில் எதையாவது விட நேர்ந்தாலும் இதை விடாதீர்கள். கேள்வி: 'மேடையில் நிற்பவர் யாருக்கு நன்றி சொல்ல மறந்தார்?' பாடகர்கள் முதலில் பதில் சொல்லட்டும்.

மூன்றாம் வாரம், 1 நாளாகமம் 25:6-8. பயிற்சி பெற்ற பாடகர் 288 பேர். சிறியவன், பெரியவன், கற்றுக்கொடுப்பவன், கற்பவன் என்று பாராமல் ஒரே சீட்டு. நான்காம் வாரம், யாத்திராகமம் 17:8-13, மோசேயின் கைகளை ஆரோனும் ஊர் என்பவனும் தாங்கியது. ஐந்தாம் சனி வந்தால் சங்கீதம் 134, மூன்றே வசனம்.

பெரும்பாலான சபைகளில் இது கெட்டுப்போவது அந்த 7 நிமிடப் பேச்சில்தான். நடத்துகிறவர் பிரசங்கம் ஆரம்பித்துவிடுவார், பிள்ளைகள் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். இதற்கு இரண்டு தடுப்பு. ஒன்று, கேள்வியை வாரத்துக்கு ஒன்றாக, ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லும்படி வையுங்கள். வட்டமாக எல்லாரும் சொல்ல வேண்டும், 'பாஸ்' சொல்லவும் உரிமை உண்டு. இரண்டு, கடிகாரம் புரொஜெக்டர் பார்க்கிறவர் கையில். மணி அடித்தால் போதகர் ஐயாவே பேசிக்கொண்டிருந்தாலும் ஜெபத்துக்குப் போக வேண்டும். இதை ஐயாவிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் வாயாலேயே குழுவுக்கு அறிவிக்கச் செய்யுங்கள்.

ஜோடி ஜெபத்தில் ஒரு பாடகரும் ஒரு தொழில்நுட்பப் பிள்ளையும் சேர வேண்டும். ஆண்கள் ஆண்களோடு, பெண்கள் பெண்களோடு. 'எல்லாவற்றையும் ஆசீர்வதியும்' என்று பொதுவாக ஜெபிக்காமல் ஒவ்வொருவரும் ஒரு காரியம் கேட்டு வாங்கி ஜெபிக்கட்டும். நாளைய வேலையில் பயப்படுகிற ஒன்று, வீட்டில் கனமாக இருக்கிற ஒன்று. மூன்றாவது மைக் அடிக்கடி அறுந்து போகிறது என்று ஒருவன் சொல்வதைக் கேட்டு அதற்காக ஜெபித்த பாடகி, மறுநாள் அது அறுந்தால் அவனை முறைக்க மாட்டாள்.

படி 4: ஊக்கமும் திருத்தமும் ஒரே வேளையில் வேண்டாம்

ஞாயிறு ஆராதனை முடிந்து ஸ்பீக்கர் சூடு ஆறுவதற்குள், 'இன்றைக்கு சவுண்டு சரியில்லையே தம்பி' என்று நாலு பேர் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த நேரத்தில் அந்தப் பிள்ளைக்கு இன்னும் சாப்பாடுகூட ஆகியிருக்காது. ஞாயிற்றுக்கிழமை திருத்தம் சொல்லவே கூடாது என்று குழுவில் தீர்மானியுங்கள். திங்கள் அல்லது செவ்வாய், தனியாக, பொறுப்பாளர் ஒருவர் மட்டும் சொல்லட்டும். சொல்வதும் பயன்படும்படி: 'இரண்டாம் பாட்டு சரணத்தில் தங்கச்சி குரல் கீபோர்டுக்குள் மூழ்கிவிட்டது, அங்கே கீபோர்டை 3 டிபி இறக்கு.'

பாராட்டும் அதே அளவு குறிப்பாக இருக்கட்டும். 'நன்றாகச் செய்தாய்' என்பது காற்றோடு போய்விடும். 'ஜெபம் ஆரம்பித்ததும் மானிட்டரைக் குறைத்தாய், முன்வரிசைப் பாட்டிமாருக்கு வார்த்தை தெளிவாகக் கேட்டது' என்றால் ஒரு வருடத்துக்கு மனதில் நிற்கும்.

இதற்கு வைபர் குழு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அங்கே பாராட்டு கட்டைவிரலாகிவிடும், திருத்தம் எல்லார் முன்னும் விழும். ஒரு 80 பக்க நோட்டு வாங்கி மிக்ஸர் மேஜையில் வையுங்கள். இடப்பக்கம் என்ன கெட்டது, என்ன செய்தோம். வலப்பக்கம் யாருக்கு எதற்கு நன்றி. சனிக்கிழமை 5:50-க்கு எழுதும் நோட்டு இதுதான்.

படி 5: கரண்ட் போகும்போது

கரண்ட் போய் விளக்கு அணைந்த அந்த நொடியில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். சபை முழுவதும் திரும்பி மிக்ஸரைப் பார்க்கும். அந்தப் பிள்ளை காரணமே இல்லாமல் தலை குனிவான். முதலில் மேடையில் இருப்பவர்கள் திரும்பக் கூடாது. முன்னே பார்த்தபடி பல்லவியைக் கைத்தாளத்தோடு தொடர்ந்து பாட வேண்டும். சபையும் அவர்களைப் பின்பற்றி முன்னே திரும்பிவிடும். இதைச் சனிக்கிழமை ஒரு தடவை வேண்டுமென்றே பவரை அணைத்துப் பழகுங்கள்.

மிக்ஸர் தம்பியின் வேலை: மாஸ்டரை இறக்கி, ஸ்பீக்கர் சுவிட்சை அணைப்பது. ஜெனரேட்டர் பிடிக்கும்போது வரும் அடி ஸ்பீக்கரைக் கெடுக்கும். மின்சாரம் நிலைத்த பிறகு மிக்ஸர், பின் ஸ்பீக்கர், பின் மாஸ்டர்.

இன்வெர்ட்டர் கணக்கு எளிது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லெட்-ஆசிட் பேட்டரியில் 1200 வாட்-அவர். பேட்டரி நீடிக்கப் பாதியைத்தான் எடுக்க வேண்டும், 600. இன்வெர்ட்டர் இழப்பு போக சுமார் 500. மிக்ஸர், லேப்டாப், சிறு ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்து 250 வாட் என்றால் இரண்டு மணி நேரம். புரொஜெக்டரை இதில் சேர்க்காதீர்கள்.

புதிதாக மிக்ஸர் வாங்கும் சிறிய சபைக்கு 12 சேனல் அனலாக்தான் என் தேர்வு. டிஜிட்டல் மறுபடி எழுந்து, வைஃபை பிடித்து, டேப்லட் இணைவதற்குள் ஒரு பாட்டு முடிந்துவிடும். அனலாக் மிக்ஸரோ கரண்ட் வந்ததும் விட்ட இடத்தில் நிற்கும்.

படி 6: பாட்டு வரிகளைத் தட்டச்சு செய்பவருக்கு

பழைய பர்மியக் கோப்புகள் ஸாஜி எழுத்துருவில் இருக்கும். மியன்மார் 2019 அக்டோபர் 1-இல் யூனிகோடுக்கு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறைக்கு) மாறியது. புது லேப்டாப்பில் ஸாஜி கோப்பு சிதறித்தான் தெரியும். தமிழில் பழைய பாமினி எழுத்துருக் கோப்புகளுக்கும் இதே கதி. வாரம் மூன்று பாட்டாக யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். மொத்தமாக உட்கார்ந்தால் யாரும் முடிப்பதில்லை. ஒரு ஸ்லைடில் தமிழ் 2 வரி, அதன்கீழ் பர்மிய எழுத்தில் அதே உச்சரிப்பு 2 வரி. பர்மியத்தில் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லாததால் வரி தப்பான இடத்தில் உடையும், எனவே என்டர் தட்டி நீங்களே உடையுங்கள். வரி இடைவெளியை 1.3 ஆக்கினால் அடியில் தொங்கும் எழுத்துகள் வெட்டுப்படாது. பாட்டு வரிகளைத் திரையில் காட்டும் ஓப்பன்எல்பி மென்பொருள் இலவசம், இதற்குப் போதும்.

தட்டச்சு செய்பவர் அந்தப் பாட்டில் தன்னைத் தொட்ட ஒரு வரியைச் சனிக்கிழமை வட்டத்தில் சொல்லட்டும். சபையில் அந்தப் பாட்டை அவ்வளவு மெதுவாக வாசித்தவர் வேறு யாரும் இல்லை.

படி 7: மாதம் ஒரு ஞாயிறு வேலை இல்லை

ஒவ்வொரு தொழில்நுட்பப் பிள்ளையும் மாதத்தில் ஒரு ஞாயிறு குடும்பத்தோடு சும்மா உட்கார்ந்து ஆராதிக்க வேண்டும். ஆள் போதாவிட்டால் அன்றைக்கு இரண்டு மைக், ஒரு கீபோர்டு மட்டும். ஃபேடர் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளு பொத்தான்) இருக்க வேண்டிய இடத்தில் டேப் ஒட்டிவையுங்கள், யார் வேண்டுமானாலும் போடலாம். வேலை இருக்கும் ஞாயிறுகளில் விடியற்காலையில் வருகிறவர்களுக்குச் சபைச் செலவில் மொகிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) வாங்கிக் கொடுங்கள்.

பின்சேர்க்கை

சனிக்கிழமை வரவே முடியாத குழுக்கள் ஞாயிறு காலையிலேயே வைக்கலாம்: 7:00 ஒயர், 7:25 லைன் செக், 7:35 வட்டம். வரிசை அதேதான்.

தபேலா வாசிக்க வரும் இந்து நண்பரை என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். வட்டத்தில் உட்காரச் சொல்லுங்கள், வாசிக்கவோ ஜெபிக்கவோ வற்புறுத்தாதீர்கள். ஜோடி ஜெபத்தில் அவருக்காக எதை ஜெபிக்கலாம் என்று மட்டும் கேளுங்கள்.

டிசம்பரில் தினமும் ஒத்திகை, கேரல் சுற்று என்று வரும்போது முதலில் வெட்டுப்படுவது இந்த 20 நிமிடம்தான். அந்த மாதம் 7 நிமிடமாக்குங்கள்: சங்கீதம் 134 வாசித்து நேராக ஜோடி ஜெபம். ஜனவரி முதல் சனிக்கிழமை மறுபடி 20.