நாலாவது பல்பு வாங்கும் முன்

ஹெட்லைட் பல்பு போனால் மாற்றுவோம், இரண்டு மாதத்தில் திரும்பவும் போனால் ‘டூப்ளிகேட் மால்’ என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே இன்னொன்று வாங்குவோம். நானும் ஒரே வருடத்தில் மூன்று மாற்றினேன், மூன்றும் டிரைவர் பக்கம். அது எவ்வளவு பெரிய துப்பு என்று அப்போது உறைக்கவில்லை.

முதல் தவறு, போன பல்பைத் தூக்கி எறிவது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே கருத்திருந்தால் ஆயுள் முடிந்திருக்கலாம், புதுசு என்றால் வோல்டேஜ் மேல் சந்தேகப்படுங்கள். பால் மாதிரி வெளுத்திருந்தால் கண்ணாடி விரிசல் விட்டுக் காற்று புகுந்திருக்கிறது. கண்ணாடி பளிச்சென்று இருந்து இழை மட்டும் அறுந்திருந்தால் பெரும்பாலும் அதிர்வு, பல்பைப் பிடித்திருக்கும் கம்பி கிளிப் சரியாக மாட்டியிருக்காது. ஒரே இடத்தில் கொப்புளம் இருந்தால் உங்கள் விரல்தான் காரணம். வேலூர் வெயிலில் வேர்த்த கையோடு ஆலஜன் கண்ணாடியைத் தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய இடம் மட்டும் கூடுதலாகச் சூடாகும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த சுத்தமான துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

இரண்டு பக்கமும் மாறி மாறிப் போகிறதா? அப்போ பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோவைப் பார்க்கணும். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட் அளவில் வைத்து, இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் பிடித்தால் சுமார் 13.8 முதல் 14.5 வரை காட்டணும். ஐடிலில் மட்டும் பார்த்துவிட்டு ‘சரியா இருக்கு’ என்று மூடிவிடாதீர்கள், ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தும் பாருங்கள். 15-ஐத் தாண்டினால், வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரில் கோளாறு. வோல்டேஜ் 5 சதவீதம் ஏறினாலே பல்பின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும், பேட்டரியும் சேர்ந்து கெடும்.

எனக்கு ஒரே பக்கம்தான் போனது, அதனால் கோளாறு அது இல்லை. ஒரு ராத்திரி கிரீன் சர்க்கிளில் நிற்கும்போது முன்னால் இருந்த பஸ்ஸின் முதுகில் என் வெளிச்சம் இரண்டு வட்டமாக விழுந்தது, வலது வட்டம் மட்டும் துடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் எலக்ட்ரீஷியன் பல்பின் பின்னால் வயரை இணைக்கும் கப்ளரைக் கழற்றி என் கையில் வைத்தார், பிளாஸ்டிக் பழுப்பேறி உருகி, ஒரு முனை தளர்ந்து ஆடியது. “பல்பு இன்னாண்ணா பண்ணும், இதப் பாருங்க” என்றார். முன்பு வண்டி வைத்திருந்தவர் 100/90 வாட்ஸ் (ஹை பீம்/லோ பீம்) பல்பு போட்டு ஓட்டியிருக்கிறார். 60/55-க்குப் போட்ட வயரில் 5 ஆம்பியர் ஓடவேண்டிய இடத்தில் 8-க்கு மேல் ஓடினால் கப்ளர் என்னதான் செய்யும்? வெளிச்சம் போதவில்லை என்று வாட்ஸைக் கூட்டுவது, என் கணக்கில், எல்லாவற்றிலும் மோசமான தவறு.

பின்பக்க ரப்பர் மூடியை மறக்காமல் மாட்டுங்கள், இல்லையென்றால் ஈரம் ஏறும். எனக்குப் புது கப்ளர் போட்டு, எர்த் வயர் பிடித்திருந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினார். மொத்தச் செலவு ஒரு பல்பு விலையை விடக் கொஞ்சம்தான் கூட.