கழித்துப்போட்ட பொருளில் பிழைப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காயலான் கடை வாசலில் ஒரு பழைய ஜன்னல் கதவைப் பார்த்ததும் கால் தானாக நின்றுவிடும் ஆட்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருவன். கொடைக்கானல் பக்கம் பழைய பங்களாக்கள் இடிபடும்போது வெளியே வரும் தேக்குச் சட்டம், பித்தளைக் கீல், வார்ப்பிரும்புக் கம்பி ஆகியவற்றை வாங்கிச் சீர்செய்து விற்றுத்தான் என் வீடு நடக்கிறது. இந்தத் தொழிலுக்கு ஆசையாக வந்து, கொஞ்ச காலத்தில் விட்டுவிட்டுப் போன பலரைப் பார்த்திருக்கிறேன். கைவேலை தெரியாமல் போனவர்கள் குறைவு. எதைத் தொடக்கூடாது என்று தெரியாமல் போனவர்களே அதிகம்.

கொடைக்கானலுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். 2001 மார்ச்சில் இங்கே மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய பொருள் கடையில் உடைந்த கண்ணாடி டன் கணக்கில் குவிந்து கிடந்தது தெரியவந்தது. தெர்மாமீட்டர் ஆலையிலிருந்து வந்த சரக்கு அது. கண்ணாடியோடு பாதரசமும் ஒட்டியிருந்தது. ஊர் மக்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் போராடி, அந்த ஆண்டே ஆலை மூடப்பட்டது. கடைக்காரருக்கு அது எடைக்கு வந்த வெறும் கண்ணாடிதான். ஆகவே ஒரு பொருளைக் கையில் எடுக்கும் முன் என்ன விலை என்று கேட்காதீர்கள். எங்கிருந்து வந்தது, உள்ளே என்ன இருந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத பொருளை நான் வாங்குவதில்லை.

பூச்சிமருந்து கேன் இதற்கு நல்ல உதாரணம். பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் காரட், உருளைக்கிழங்கு, பூண்டுத் தோட்டங்களில் காலி கேன்கள் நிறையக் கிடக்கும். கழுவிப் பூந்தொட்டி செய்யலாம், தண்ணீர் பிடிக்கலாம் என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக்கில் ஊறிய மருந்து கழுவினால் போகாது. அதேபோல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்கவோ அறுக்கவோ கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. செம்பு எடுப்பதற்காக ஒயரைக் கொளுத்துவதும் அப்படித்தான், அந்தப் புகை விஷம்.

பழைய பெயிண்டைப் பற்றி யாரும் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பங்களாக் கதவு என்றால் பச்சைக்குக் கீழே வெள்ளை, அதற்குக் கீழே நீலம் என்று நாலைந்து பூச்சு இருக்கும். அதைக் காய்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் பறக்கும் மெல்லிய தூள் வீடு முழுக்கப் படியும். தரையில் தவழும் குழந்தை வாயில் போகும். தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்துக்கொண்டு சுரண்டுங்கள். கீழே தார்ப்பாய் விரியுங்கள், என்95 மாஸ்க் போடுங்கள், வேலைச் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் போங்கள். தீ காட்டிப் பெயிண்டை உரிப்பது இன்னும் மோசம், புகையோடு ஈயமும் சேர்ந்து வரும்.

அடுத்து காடு. விழுந்து கிடக்கிறதே, யாருக்கும் வேண்டாததுதானே என்று காட்டு மரத்தை எடுத்து வருகிறார்கள். அரசின் காப்புக்காட்டிலிருந்து காய்ந்த கட்டையை அனுமதியில்லாமல் எடுத்தாலும் குற்றம்தான். கடமான் தானாக உதிர்த்த கொம்பை எடுத்துப் பலகையில் மாட்டி விற்பதும் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பங்களாவில் வாங்கிய மரமாக இருந்தாலும் இன்னாரிடம் வாங்கினேன் என்று ஒரு ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மலை இறங்கும்போது செக்போஸ்ட்டில் கேட்டால் காட்ட உதவும்.

சரி, நல்ல மரம் கிடைத்துவிட்டது. உடனே அறுக்காதீர்கள். ஒரு வருடம் நவம்பர் மழையில், மூட்டம் கலையாத ஒரு வாரத்தில், தேக்குப் பலகைகளை ஒட்டி ஒரு சாப்பாட்டு மேஜை செய்தேன். பார்க்க அவ்வளவு அழகு. மதுரைக்குப் போனது. ஏப்ரலில் போன் வந்தது: நடுவில் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்துவிட்டதாம். பழைய மரம்தானே, எப்போதோ காய்ந்திருக்கும் என்று நினைத்தேன், அதுதான் தப்பு. எவ்வளவு பழைய மரமும் சுற்றியிருக்கும் காற்றின் ஈரத்தை வாங்கிக் குறுக்குவாட்டில் உப்பும், வறண்டால் சுருங்கும். போதாததற்கு நான் அந்தப் பலகையை அடிச்சட்டத்தோடு பசை போட்டு, ஸ்குரூவும் இறுக்கிவிட்டேன். சுருங்க வழியில்லாத பலகை பிளக்காமல் என்ன செய்யும்? பணத்தைத் திருப்பிக் கொடுத்து, மேஜையையும் சுமந்து வந்தேன். இப்போது ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் ரீப்பர் என்னும் மெல்லிய மரச்சட்டம் வைத்து அடுக்கி, காற்றோட்டமுள்ள இடத்தில் சில மாதம் போடுகிறேன். கீழே சமவெளிக்குப் போக வேண்டிய பலகையை மலையடிவாரத்து வத்தலக்குண்டில் ஒரு நண்பரின் கொட்டகையில் சில வாரம் வைத்துவிட்டுத்தான் வேலை தொடங்குகிறேன். ஸ்குரூ ஓட்டையை வட்டமாகப் போடாமல், பலகை உப்பிச் சுருங்கும் குறுக்குத் திசையில் நீண்டதாகப் போட்டால் பலகைக்கு நகர இடம் கிடைக்கும். அப்புறம், அறுக்கும் முன் காந்தம் வைத்துத் தடவிப் பாருங்கள். உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு ஆணி போதும், ரம்பப் பல் போய்விடும்.

விலை வைப்பதில்தான் எல்லாரும் தோற்கிறார்கள். ஜன்னல் கதவு 600 ரூபாய், கண்ணாடி 350, பாலிஷும் உப்புத்தாளும் 200, ஆட்டோ 150. ஆக 1,300 போட்டு முகக்கண்ணாடி செய்து 2,000க்கு விற்றால் 700 லாபம் என்று சந்தோஷப்படுவார்கள். வேலை மூன்று நாள். ஒரு நாளைக்கு 233 ரூபாய். காரட் மூட்டை தூக்கப் போயிருந்தால் இதைவிடக் கூடவே வந்திருக்கும். உங்கள் கூலியைச் செலவுக் கணக்கில் முதலில் எழுதுங்கள், வீணாகும் பலகையையும் எழுதுங்கள், அதற்கு மேல் வருவதுதான் லாபம். இன்னொன்று, சிறுதொழிலுக்கான அரசின் உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். அதற்குப் பணம் கேட்பவரிடம் போகாதீர்கள்.

"வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்" என்று சொல்லி விலை ஏற்றுவதும் வேண்டாம். தெரியாத வயதைச் சொல்வது பொய். உண்மையிலேயே நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளாக இருந்தால் அது தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும்.

கடைசியாக, எனக்கு மிகவும் வலிக்கிற ஒன்று. நீங்கள் ரசித்து எடுக்கும் குப்பையில் ஏற்கெனவே ஒருவருடைய சோறு இருக்கிறது. நீலகிரியில் 2022ல் டாஸ்மாக் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்று வந்த பிறகு, ஒரு பாட்டில் என்பது அதைப் பொறுக்குபவருக்குப் பத்து ரூபாய். அதை ஓசியில் அள்ளி விளக்கு செய்து ஆயிரத்துக்கு விற்பது சரியா? குப்பை பிரிக்கும் அக்காக்களிடம் நேரில் பேசுங்கள். பித்தளை என்றால் எடைக்குக் காயலான் கடையில் என்ன கிடைக்குமோ, அதைவிடக் கூட்டிக் கொடுத்து வாங்குங்கள். "தம்பி, ஒரு பழைய கொண்டி வந்திருக்கு, உனக்காக எடுத்து வச்சிருக்கேன்" என்று எனக்கு வாரம் ஒரு போனாவது வருகிறது. போகும்போது பணத்தைக் கையிலேயே கொண்டுபோகிறேன், பாக்கி வைப்பதில்லை.