திம்புவிலிருந்து ஒருநாள் பயணம்: திட்டமிடுவது எப்படி?

பூட்டானின் தலைநகரான திம்புவிலிருந்து ஒருநாள் பயணத்தைத் திட்டமிடும்போது, தொலைவைக் கிலோமீட்டரில் பார்க்காமல் மணிக்கணக்கில் பாருங்கள். ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தள்ளியுள்ள புனாக்காவுக்கு, வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில் போவதற்கு மட்டுமே இரண்டரை மணி நேரமாவது ஆகும். அதிகாலையில் கிளம்பினால், வழியில் 3,000 மீட்டருக்கும் மேல் உயரத்திலுள்ள தோச்சுலா கணவாயில், மேகம் சூழுமுன் இமயச் சிகரங்களைக் காணும் வாய்ப்பு கூடுதல். அங்குள்ள 108 ஸ்தூபிகளை நிதானமாகச் சுற்றி வந்தபின் கீழிறங்க இறங்கக் குளிர் குறைந்துகொண்டே போகும் என்பதால், கம்பளி உடைக்குள் மெல்லிய முழுக்கைச் சட்டை அணிவது நல்லது. புனாக்கா கோட்டைக்குள் நுழையவும் அதுவே பொருத்தம். போ சூ, மோ சூ ஆறுகள் கூடுமிடத்தில், 1637இல் கட்டத் தொடங்கிய அந்தக் கோட்டைக்கே பெரும்பகுதி நேரத்தை ஒதுக்குங்கள். பாரோ என்ற ஊருக்கு அருகே மலைமேலுள்ள புலிக்கூடு மடத்தை மட்டும் வேறெந்த ஊருடனும் சேர்க்காதீர்கள். ஏறி இறங்கவே அரைநாள் போய்விடும்.