கடைசி ஓவருக்குப் பிள்ளைகளைப் பழக்குவது எப்படி?

மன்னார்குடி, கும்பகோணம் பக்கம் கோடை கிரிக்கெட் டோர்னமென்ட்டுகளைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். நெட்ஸில் (வலைப் பயிற்சியில்) அழகாக ஆடும் பையன், கடைசி ஓவரில் பத்து ரன் வேண்டும் என்றதும் வேறு ஆளாகிவிடுவான். திறமை எங்கும் போய்விடவில்லை. அப்படி ஒரு நிலைமையைப் பயிற்சியில் அவன் பார்த்ததே இல்லை, அவ்வளவுதான். "டென்ஷன் ஆகாதே" என்று சொல்லிப் பயனில்லை. டென்ஷனோடு ஆடத்தான் பழக்க வேண்டும். 12 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குப் புதிதாகப் பயிற்சி கொடுக்கும் அண்ணன்கள், அக்காக்கள், பி.இ.டி. ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், கவனியுங்கள். பதற்றம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு இடத்தில் தெரியும். பேட்டைப் பிடித்திருக்கும் கீழ்க்கை இறுகினால் பந்து மேலே எழும்பி கேட்ச் ஆகும். பவுலர் வழக்கத்தைவிட வேகமாக ஓடிவந்தால் காலடி தப்பி நோ-பால் விழும். யாருக்கு எது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

இரண்டாவது, பந்துக்குப் பந்து ஒரே பழக்கம். மூன்றே வேலை போதும். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட வேண்டும். ஃபீல்டைப் பார்த்து ஒரு முடிவு எடுக்க வேண்டும். அப்புறம் பந்தை மட்டும் பார்க்க வேண்டும். பவுலருக்கும் இதேதான், ரன்-அப் தொடங்கும் இடத்துக்குத் திரும்பி நடக்கும்போதே என்ன பந்து என்று முடிவாகிவிட வேண்டும். நெட்ஸில் ஒவ்வொரு பந்துக்கும் இதைச் செய்யாதவர்களுக்கு மேட்ச்சில் அது வராது.

மூன்றாவதுதான் முக்கியம்: நிலைமையை உருவாக்குங்கள். இரண்டு அணி பிரித்து, முழு ஃபீல்டிங் வைத்து, "12 பந்து, 8 ரன், 3 விக்கெட்" என்று சத்தமாக அறிவியுங்கள். முதலில் ஜெயிக்கக்கூடிய இலக்காகவே இருக்கட்டும். ஒன்றிரண்டு முறை ஜெயித்த பிறகு ரன்னை 12, 15, 18 என்று ஏற்றலாம். அவுட் என்றால் அவுட்தான், இன்னொரு பந்து கேட்கக் கூடாது. வெளியே இருப்பவர்கள் கத்தட்டும், கை தட்டட்டும். தோற்ற அணி பிட்ச்சில் விரித்த மேட்டைச் சுருட்டி ஸ்டம்பை எடுத்து வைக்கட்டும். ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். அப்புறம் ஓடுவதையே வெறுத்துவிடுவார்கள். கடைசி ஓவரை எப்போதும் நல்ல பவுலரிடமே கொடுக்காமல் கூச்சப்படும் பிள்ளைக்கும் கொடுங்கள்.

முடிந்ததும் "ஏன்டா அப்படி அடிச்சே?" என்று கேட்காதீர்கள். "அந்தப் பந்துக்கு முன்னாடி என்ன முடிவு பண்ணினே, தம்பி?" என்று கேளுங்கள். முடிவு சரியாக இருந்து அவுட் ஆகியிருந்தால் பாராட்டுங்கள். 2022 டி20 உலகக் கோப்பையில், மெல்போர்னில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியாவுக்கு ஒரு பந்தில் 2 ரன் வேண்டும். லெக் பக்கம் போன பந்தைத் தொடாமல் விட்டார் அஸ்வின். வைடு. அடுத்த பந்தை மிட்-ஆஃபுக்கு மேல் தூக்கி ஜெயித்துக் கொடுத்தார். பிள்ளைகளுக்கு அந்தப் பந்தைப் போட்டுக் காட்டுங்கள். அத்தனை இரைச்சலிலும் அடிக்காமல் விடுவது எவ்வளவு பெரிய ஆட்டம் என்று அவர்களுக்கே புரியும்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. சம்பா அறுத்து, உளுந்தும் எடுத்த பிறகு, குறுவைக்குத் தண்ணீர் வரும்வரை நமக்கு வயல்கள் கிடைக்கும். ஆனால் வெடித்த களிமண்ணில் பந்து எப்படி எழும்பும் என்று சொல்ல முடியாது. அங்கே டென்னிஸ் பால் மட்டும்தான். லெதர் பால் என்றால் மேட் விரித்த பிட்ச்சும், ஹெல்மெட்டும் கட்டாயம்.

நான்காவது, பெரியவர்கள். மேட்ச்சுக்கு முன்பே பெற்றோரிடம் பேசிவிடுங்கள்: கை தட்டலாம், "தூக்கி அடி", "நின்னு ஆடு" என்று யோசனை சொல்லக் கூடாது. இரண்டு பக்கமிருந்து இரண்டு யோசனை வந்தால் பிள்ளை எதைக் கேட்கும்? நீங்களும் பவுண்டரியில் நின்று கத்தாதீர்கள். சொல்லியே ஆக வேண்டும் என்றால் தண்ணீர் கொண்டு போகிறவரிடம் ஒரே ஒரு விஷயம் சொல்லி அனுப்புங்கள்.

தோற்றால் அன்று மாலை அதைப் பற்றிப் பேச வேண்டாம். அடுத்த பயிற்சியில் அதே ஸ்கோர், அதே ஃபீல்டிங் வைத்து, அவுட் ஆன அதே பிள்ளையை மறுபடி பேட்டோடு இறக்குங்கள்.