பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைக் கிராம சபையில் கண்காணிக்கும் முறை

மேலூர், உசிலம்பட்டி வட்டாரச் சிற்றூர்களில் அரசுப் பள்ளியின் குறைகளைப் பேச விரும்புவோர், மனு எழுதுவதற்கு முன், பள்ளிக்கு வேண்டிய ஆசிரியர்கள், வசதிகள், நிதி ஆகியவற்றைக் கணக்கிட்டுச் சொல்லும் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தின் நகலைத் தலைமையாசிரியரிடம் கேட்டுப் பெறுங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அதைத் தயாரிக்கும் பொறுப்பைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் தந்திருக்கிறது. அக்குழுவில் பெற்றோரே பெரும்பான்மையினர், உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடமுண்டு.

அடுத்து, திட்டத்தில் உள்ள எண்களைப் பள்ளியில் நேரில் ஒப்பிடுங்கள். தொடக்கப் பள்ளியில் 60 மாணவர் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூவர் என்பது சட்டத்தின் அட்டவணை. கழிப்பறைகளை எண்ணினால் மட்டும் போதாது. தண்ணீர் வருகிறதா, பெண் குழந்தைகள் தயக்கமின்றிப் பயன்படுத்துகிறார்களா என்று தாய்மார்களிடம் கேளுங்கள். ஏட்டில் இல்லாத உண்மை பெரும்பாலும் அவர்களிடமிருந்துதான் கிடைக்கும்.

திட்டம் நிதியாண்டு முடிவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே தயாராக வேண்டும் என்பதால், அக்டோபர் 2 அல்லது நவம்பர் 1 கிராம சபையில் பேசுவதே பயன் தரும். மார்ச் 22 வரை காத்திருப்பது காலம் கடந்த செயலாகிவிடும். பேசியது தீர்மானமாகப் பதிவேட்டில் ஏறியதை உறுதிசெய்து, தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜனவரி 26 கூட்டத்தில் அந்த எண்ணைச் சொல்லியே நடவடிக்கை விவரம் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். 30 நாள்களுக்குள் விடையளிப்பது அலுவலரின் கடமை.

மதுரை மாநகராட்சிப் பகுதியில் வசிப்போர், இதே விவரங்களுடன் தங்கள் வார்டு மாமன்ற உறுப்பினரை அணுகலாம்.