வராந்தாவில் முழுக்கோடு, அடுக்களையில் ஒன்றுமில்லை: வீட்டு வைஃபையைச் சரிசெய்யும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், குலசேகரம், களியக்காவிளைப் பக்கத்து வீடுகளில் ஃபைபர் கேபிள் பெரும்பாலும் முன்மூலையில்தான் வந்து நிற்கும். ரோட்டுக் கம்பத்திலிருந்து வரும் கேபிள் எந்தச் சுவரை முதலில் தொடுகிறதோ அங்கே ஒரு துளை, அதன் கீழே ரவுட்டர். வீடோ நீளமானது: முன்னால் வராந்தா, நடுவில் தடித்த கல்சுவர் வைத்த பழைய அறைகள், பின்னால் பிறகு சேர்த்துக் கட்டிய அடுக்களை, மேலே கான்கிரீட் மாடி. முன்மூலை ரவுட்டர் அனுப்பும் அலையில் பாதி ரோட்டுக்குப் போய்விடுகிறது. மீதிப் பாதி மூன்று சுவர்களைத் தாண்டி அடுக்களைக்கு வரும்போது தேய்ந்துவிடுகிறது.

இந்த எல்லையோரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில இடங்களில் போன் தமிழ்நாட்டு டவருக்கும் கேரள டவருக்கும் மாறி மாறித் தாவும். வீட்டுக்குள் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். டவருக்குப் பதில் வைஃபை வழியே பேசவைக்கும் வைஃபை காலிங் வசதியைப் போனில் இயக்கிவிட்டால் இது தீரும். ஆனால் அதற்கும் எல்லா அறையிலும் வைஃபை நிலையாக இருக்க வேண்டும்.

கடைக்குப் போய் ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டி) வாங்குவதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். முதலில் அளக்க வேண்டும்.

படி 1: அளந்து பாருங்கள்

ரவுட்டருக்கு இரண்டு மீட்டர் தள்ளி நின்று, 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பில் (வைஃபையின் 2.4, 5 என்ற இரண்டு அலைவரிசைகளில் வேகமானது) வேகச் சோதனை செய்யுங்கள். நீங்கள் பணம் கட்டும் வேகத்துக்குப் பக்கத்தில் வந்தால் லைன் நன்றாக இருக்கிறது, குறை வீட்டுக்குள்தான். அங்கேயே வேகம் இல்லையென்றாலோ, பெட்டியில் லாஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ, நிறுவனத்தைத்தான் கூப்பிட வேண்டும். கீழே சொல்லும் எதுவும் அதற்கு உதவாது.

அடுத்து, ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு அறை அறையாக நடங்கள். போனின் கோடுகளை நம்ப வேண்டாம். செயலி காட்டும் டிபிஎம் (dBm, சிக்னல் பலத்தின் அளவு) எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் எப்போதும் மைனஸில் இருக்கும். மைனஸ் 50 மிக நல்லது. மைனஸ் 67 வரை வீடியோ அழைப்பு தடையில்லாமல் ஓடும். மைனஸ் 75-ல் வாட்ஸ்அப் செய்தி போகும், வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். மைனஸ் 80-க்குக் கீழே போனால் இணைப்பு இருப்பதாகக் காட்டும், ஆனால் வேலை நடக்காது. எண் 10 இறங்கினால் சிக்னலின் பலம் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம்.

ஒரு தாளில் வீட்டை வரைந்து ஒவ்வொரு அறையிலும் எண்ணை எழுதுங்கள். எந்தச் சுவரைத் தாண்டும்போது எண் தடாலென்று விழுகிறதோ அதுதான் உங்கள் எதிரி. கம்பி கட்டிய கான்கிரீட் தட்டும், ஈரம் குடித்த தடித்த கல்சுவரும்தான் பெரும்பாலும் அப்படி விழுங்கும். ஆனி, ஆடி மழையில் சுவர் ஊறும்போது சில வீடுகளில் எண் இன்னும் இறங்கும். பீரோ, ஃபிரிட்ஜ், நிலைக்கண்ணாடி, மாடிக்கு மேல் போட்ட தகரக் கூரை இவையெல்லாம் அலையைத் திருப்பி அடிப்பவை.

படி 2: ரவுட்டரை இடம் மாற்றுங்கள்

காசு செலவில்லாத வழி இதுதான், பலனும் இதில்தான் அதிகம். வீட்டின் நடுவில், தரையிலிருந்து ஐந்தடி, ஆறடி உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். டிவிக்குப் பின்னாலும், அலமாரிக்குள்ளும், மீட்டர் போர்டுக்கு அருகிலும் வேண்டாம்.

ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் ஒரே உடலாக இருந்தால், நிறுவனத்து ஆளை வரவழைத்து ஃபைபரை நீட்டச் சொல்லுங்கள். ஃபைபரைச் சுவர் மூலையில் மடக்கி ஆணி அடிக்கக் கூடாது. வளைவு ஒரு டீ கிளாஸின் வாயைவிடச் சிறிதாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சை முனையைக் கழற்றினால் நுனியில் விரல் படக் கூடாது. தூசு ஒட்டினாலே ஒளி குறைந்துவிடும்.

ஆன்டெனாக்களை எல்லோரும் வானத்தைப் பார்த்து நிமிர்த்தி வைக்கிறார்கள். ஆன்டெனாவின் நுனியிலிருந்து அலை அதிகம் போவதில்லை. அதன் பக்கவாட்டில்தான் வடை போல வட்டமாகப் பரவுகிறது. ஒரே தளம் என்றால் எல்லாவற்றையும் நேராக நிறுத்துங்கள். மாடிக்கும் வேண்டுமென்றால் ஒன்றைப் படுக்கவையுங்கள்.

படி 3: செட்டிங்கில் மூன்று மாற்றம்

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1, பிரவுசரில் அடித்து உள்ளே போங்கள். சேனல் என்பது ஒரு அலைவரிசைக்குள் பிரித்த தனிப்பாதை. 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்கி, 1, 6, 11 ஆகிய மூன்றில் பக்கத்து வீட்டுக்காரர்கள் குறைவாக இருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 3 அல்லது 8 என்று இடைப்பட்ட எண்ணைப் போட்டால் இரண்டு பக்கத்து ஆட்களோடும் மோத வேண்டிவரும். 5 கிகாஹெர்ட்ஸில் அகலம் 80, சேனல் 36 அல்லது 149. சோதனை முடியும்வரை இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுங்கள். எந்த அறையில் எது எட்டுகிறது என்று அப்போதுதான் தெரியும். 5 வேகமானது, சுவருக்குச் சீக்கிரம் தோற்கும். 2.4 மெதுவானது, சுவரைத் தாண்டும். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது மட்டும் அடுக்களையில் 2.4 தடுமாறினால் அது ரவுட்டரின் குற்றமல்ல. இரண்டும் ஏறக்குறைய ஒரே அலைவரிசையில் இயங்குகின்றன.

படி 4: கேபிள் இழுத்துப் பழைய ரவுட்டரைப் பூட்டுங்கள்

இதுவரை செய்தும் அடுக்களையில் மைனஸ் 70-க்கு மேல் ஏறவில்லையா? நிரந்தரத் தீர்வு ஒரு கேபிள்தான். ரிப்பீட்டர் காற்றில் வாங்கி அதே காற்றில் திருப்பி அனுப்புகிறது. ஒரே ரேடியோ இரண்டு வேலையும் பார்ப்பதால் வேகம் பாதியாகிவிடும். கேபிளில் அந்த இழப்பு இல்லை. பழைய இணைப்போடு வந்து பரணில் கிடக்கும் ரவுட்டரே கேபிளின் அடுக்களை முனையில் பூட்டப் போதும்.

தேவையானவை: முழுச் செம்புக் கேட் 6 (Cat 6) கேபிள், அதன் நுனியில் மாட்டும் ஆர்ஜே 45 முனை ஆறு (இரண்டு போதும், முதல் முறை நாலு வரை வீணாகலாம்), அந்த முனையை அழுத்திப் பூட்டும் கிரிம்பிங் கருவி, கேபிள் டெஸ்டர். கேபிள் போகும் வழியைக் கயிற்றால் அளந்து மூன்று மீட்டர் கூட்டி வாங்குங்கள். கடையிலேயே ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம்; வேண்டாம், வளைத்தால் சீக்கிரம் ஒடியும்.

சுவருக்குள் பழைய கேபிள் டிவி வயர் போன குழாய் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அந்த வயரின் முனையில் புதுக் கேபிளை இன்சுலேஷன் டேப்பால் இறுக்கச் சுற்றி, ஒருவர் இந்தப் பக்கம் தள்ள, இன்னொருவர் அந்தப் பக்கம் மெல்ல இழுங்கள். கரண்ட் வயர் போகும் குழாயில் மட்டும் இதைப் போடாதீர்கள். சுவருக்கு வெளியே போட்டாலும் கரண்ட் வயரிலிருந்து ஒரு சாண் தள்ளியே ஓட்டுங்கள்.

இரண்டு முனையிலும் நிற வரிசை ஒன்றே: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. கம்பி ஜோடிகளின் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிய வேண்டும். நீலமோ பழுப்போ தொடாவிட்டாலும் இன்டர்நெட் ஓடும், ஆனால் 100 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிடும். 200 திட்டம் வாங்கியவர் காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் தவிப்பது இதனால்தான். பழைய ரவுட்டரின் போர்ட்டே 100 வகையாக இருந்தாலும் இதே கதி. கேபிள் வாங்கும்முன் அதையும் பாருங்கள்.

இனி பழைய ரவுட்டரின் அமைப்பு. கேபிள் பூட்டும் முன்பே இதைச் செய்ய வேண்டும்.

1. ரீசெட் துளையில் குண்டூசியால் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள்.
2. முதன்மை ரவுட்டரில் டிஹெச்சிபி (DHCP, கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) முகவரி வரிசையின் கடைசி எண் 2-லிருந்து தொடங்கினால் அதை 10 என்று மாற்றுங்கள்.
3. பழையதின் லேன் (LAN, வீட்டுக்குள் இருக்கும் வலை) முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள். இதை விட்டால் இரண்டும் ஒரே முகவரியில் நின்று முட்டிக்கொள்ளும்.
4. பழையதில் டிஹெச்சிபியை நிறுத்துங்கள்.
5. வைஃபை பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை மூன்றும் முதன்மை ரவுட்டரில் உள்ளதுபோலவே. சேனல் மட்டும் வேறு: அது 1 என்றால் இது 11.
6. முதன்மையின் லேன் போர்ட்டிலிருந்து வரும் கேபிளைப் பழையதின் லேன் போர்ட்டில் செருகுங்கள். வேன் (WAN, வெளி இணைப்புக்கான) போர்ட்டில் செருகினால் அடுக்களைப் பக்கம் தனி வலையாகிவிடும். போன் அங்கே இருக்கும்போது டிவியும் பிரின்டரும் அதன் கண்ணில் படாது.

அமைப்பில் ஆக்சஸ் பாயின்ட் மோடு என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பதே எளிது. அப்போது கேபிள் எந்தப் போர்ட்டில் என்பதை அந்த ரவுட்டரின் கையேடு சொல்வதுபோல் செய்யுங்கள்.

கேபிள் இழுக்கவே முடியாதென்றால்

மெஷ் பெட்டி (ஒன்றோடொன்று காற்றிலேயே இணைந்து ஒரே வைஃபையாக இயங்கும் பெட்டிகள்) வாங்கலாம். வீட்டளவுக்கு இரண்டு போதும். இரண்டாவது பெட்டியைச் சிக்னல் இல்லாத அறையில் வைப்பது பொதுவான தவறு. கிடைக்காததை அது எப்படிப் பரப்பும்? மைனஸ் 60 முதல் 65 வரை காட்டும் இடத்தில், நடுவழியில் வையுங்கள். கதவுக்கு நேராக வைத்தால் சுவர் ஒன்று மிச்சமாகும்.

விளைக்குள் (தோட்டத்துக்குள்) இருக்கும் இரண்டாவது கட்டடம், இடி மின்னல்

ரப்பர் ஷீட் உலர்த்தும் புரைக்கோ, பின்னால் தனியாக நிற்கும் வீட்டுக்கோ கேமரா வைக்க இணைப்புக் கேட்பவர்கள் அதிகம். இங்கே செம்புக் கேபிளை வெட்டவெளியில் இழுக்காதீர்கள். சித்திரையின் மாலை இடியும் ஐப்பசி இடியும் இந்த மலையடிவாரத்தில் கடுமையானவை. பக்கத்தில் விழும் மின்னலே போதும், நீளமான செம்புக் கம்பியில் மின்னழுத்தம் பாய்ந்து இரு முனையிலும் போர்ட்டைக் கருக்கிவிடும். அதோடு கேட் 6-க்கு 100 மீட்டர்தான் எல்லை.

ஃபைபர் கேபிளும், ஃபைபரின் ஒளியை லேன் கேபிளுக்கு மாற்றித் தரும் ஒரு ஜோடி மீடியா கன்வெர்ட்டரும் போடுங்கள். ஒற்றை ஃபைபர் வகையில் ஏ (A) கன்வெர்ட்டர் ஒரு முனை, பி (B) கன்வெர்ட்டர் மறுமுனை. இரண்டும் ஏ-யாக வாங்கிவிட்டால் விளக்கே எரியாது. ஃபைபருக்குள் மின்சாரம் பாயாது, ஆனால் தொங்கவிடும் கேபிளில் தாங்குவதற்கு இரும்புக் கம்பி இருக்கலாம். அந்தக் கம்பியைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்திவிட்டு, மெல்லிய ஃபைபரை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள்.

வானம் இருண்டு முதல் முழக்கம் கேட்கும் முன்பே அடாப்டரையும் லேன் கேபிளையும் இரண்டையுமே உருவிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. சர்ஜ் புரொடெக்டர் வைத்திருந்தாலும், அது எர்த் சரியாக இருக்கும் வீட்டில்தான் முழுமையாக வேலை செய்யும். எலக்ட்ரீஷியனிடம் எர்த்தை ஒருமுறை சோதிக்கச் சொல்லிவிட்டு அதை வாங்குங்கள்.