எமாகிச் சுருள் ஓவியத்தைத் திரையில் பார்ப்பது எப்படி

ஜப்பானின் பழைய கதை ஓவியச் சுருள்களுக்கு எமாகி என்று பெயர். பல எமாகிகளின் படங்கள் இணையத்தில், விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் படக் களஞ்சியத்திலேயே கிடைக்கின்றன. ஆனால் முழுச் சுருளையும் ஒரே படமாகத் திறந்தால் மெல்லிய பட்டை ஒன்றுதான் தெரியும், யார் யாரென்றே புரியாது. பெரும்பாலான சுருள்களுக்கு உயரம் 30 செ.மீ. போலத்தான், நீளம் மட்டும் பல மீட்டர் போகும். இடது கையால் விரித்து, பார்த்து முடித்ததை வலது கையால் சுருட்டிக்கொண்டே போவார்கள், ஒரு நேரத்தில் கண்முன் இருப்பது சுமார் 60 செ.மீ. மட்டும். நீங்களும் அதையே செய்யுங்கள்: படத்தின் உயரம் திரையை நிரப்பும் அளவுக்குப் பெரிதாக்கி, வலது ஓரத்தில் தொடங்கி, மெதுவாக இடது பக்கம் நகருங்கள். அவசரப்பட்டு முன்னால் எட்டிப் பார்க்காதீர்கள், அடுத்து வருவதை மறைத்து வைத்துத்தான் ஓவியர் கதையே சொல்கிறார்.

முதலில் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ள ஹெய்ஜி கலகத்தின் கதை சொல்லும் சுருளை எடுங்கள். 1159-இல் சாஞ்ஜோ அரண்மனை மீது நடந்த இரவுத் தாக்குதல், வரைந்தது 13-ஆம் நூற்றாண்டில். மாட்டு வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக முட்டி மோதி ஓடுவதில் தொடங்கும், ஏன் ஓடுகிறார்கள் என்று தெரியாமலே நாமும் கூடவே போவோம், அப்புறம்தான் அரண்மனையும் நெருப்பும் வரும்.

அடுத்தது, பான் தைனகோன் என்ற அரசவை உயர் அதிகாரியின் பெயர் கொண்ட சுருள். 866-இல் கியோத்தோ அரண்மனையின் ஓதென் வாயில் எரிந்த கதை. எரியும் வாயிலை வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் ஒவ்வொரு முகமும் வேறு வேறு, அங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது பிற்பாடு வரும் சிறுவர் சண்டை. இரண்டு பையன்கள் முடியைப் பிடித்துச் சண்டை போடுகிறார்கள், ஒருவனுடைய அப்பா ஓடி வருகிறார், அதே அப்பா மற்றவனை எட்டி உதைக்கிறார், பிறகு அந்த அப்பாவின் பையனை அவன் அம்மா கையைப் பிடித்து இழுத்துப் போகிறாள், இவ்வளவும் ஒரே தெருவில், நடுவில் கோடு கட்டம் எதுவும் இல்லாமல். ஆக, ஒரே உடையில் ஒரே ஆள் இரண்டு தரம் தெரிந்தால் அது இரண்டு ஆள் இல்லை, நேரம் நகர்ந்திருக்கிறது. இதற்கு இஜி தோசு என்று பெயர். இந்தத் தெருச் சண்டையிலிருந்துதான் வாயிலுக்குத் தீ வைத்தது யார் என்பதே வெளியே வருகிறது.

படங்களுக்கு நடுவே கதையை எழுதி வைக்காத சுருள் பார்க்க வேண்டுமா? கோசான்-ஜி கோயிலின் சோஜூ கிகா என்ற விலங்குக் கேலிச் சித்திரச் சுருள் இருக்கிறது. வெறும் மைக்கோடுதான். மல்யுத்தத்தில் முயலின் காதைக் கடிக்கும் தவளையைத் தவறவிடாதீர்கள்.

கென்ஜி என்ற பிரபுவின் கதை சொல்லும் பழைய நாவலான கென்ஜி மோனோகதாரியின் சுருளைக் கடைசிக்கு வையுங்கள். 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இதன் எஞ்சிய பகுதிகளில் பெரும்பாலானவை நகோயாவின் தோகுகாவா அருங்காட்சியகத்திலும் தோக்கியோவின் கோத்தோ அருங்காட்சியகத்திலும் உள்ளன. இங்கே யாரும் ஓடுவதில்லை. கூரையை எடுத்துவிட்டு மேலிருந்து அறைக்குள் பார்ப்பதுபோல் வரைந்திருக்கிறார்கள், இந்த முறைக்கு ஃபுகினுகி யாதாய் என்று பெயர். முகங்களில் கண்ணுக்கு ஒரு கோடு, மூக்குக்கு ஒரு கொக்கி, அவ்வளவுதான். கோட்டின்மேல் கெட்டியான நிறம் பூசி, கடைசியில் மறுபடி மையால் கோடு போடும் முறை என்பதால் உடைகளின் நிறம் கனமாக இருக்கும். முகத்தில் உணர்ச்சி தேடினால் ஏமாற்றம்தான், தரையும் திரைச்சீலைகளும் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பாருங்கள். காஷிவாகி அத்தியாயத்தில், தனக்குப் பிறக்காத குழந்தையைத் தன் பிள்ளையாகக் கையில் ஏந்துகிறான் கென்ஜி. அத்தனை பெரிய மனிதனைப் படத்தின் மேல் ஓரத்தில், தலை குனிந்தே ஆகவேண்டிய மாதிரி, சாய்ந்த கோடுகளுக்கு நடுவில் நெருக்கி வைத்திருக்கிறார் ஓவியர். ஒவ்வொரு படத்தையும் திறக்கும் முன் அந்த அத்தியாயத்தின் கதையைப் படித்துவிடுங்கள், அன்று பார்த்தவர்களுக்கும் கதை முன்பே தெரியும்.